தூணுக்குப் போட்ட டூட்டி சார்ட்

அந்த பஸ் டெப்போவில் முந்நூற்றுப் பத்து டிரைவர்கள். யார் எந்த பஸ்ஸை எத்தனை மணிக்கு எந்த ரூட்டில் எடுக்க வேண்டும் என்று சார்ட் போடுவது ஒரே ஒரு ஆள். அதனால் அவள் எல்லோருக்கும் சார்ட் அக்கா. அவளைவிட நான்கு வயது மூத்த டிரைவர் ஒருவரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவள் பதிலுக்கு அவரை அண்ணே என்பாள். இருவரும் ஒருவருக்கொருவர் மூத்தவர்களாக இருபது வருடம் ஓடிவிட்டது.

அந்த டிரைவருக்கு வானொலி என்று பட்டப்பெயர். காலையில் வாயைத் திறந்தால் டூட்டி முடிந்துதான் மூடுவார், நடுவில் நிறுத்துவதற்குப் பொத்தான் கிடையாது.

அக்காவின் அறை ஒரு பெட்டி அளவுதான். முன்பக்கம் கண்ணாடி, கண்ணாடியில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. லீவு வேண்டும், ரூட் மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று விண்ணப்பங்கள் அந்த ஓட்டை வழியாகத்தான் வரும். இருபத்திரண்டு வருடமாக அந்த ஓட்டையில் நுழைந்த எந்தக் கையும் சும்மா நுழைந்ததில்லை. குட்மார்னிங் சொல்லும்போதே பின்னால் ஒரு விண்ணப்பம் வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போனால் கணவர். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் வேலை. தங்கமான மனிதர், ஆனால் தங்கம் மாதிரியே பேசவும் மாட்டார். முப்பது வருடத்தில் அவர் பேசியதையெல்லாம் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினால் ஓரத்தில் இடம் மிஞ்சும். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். வாரத்துக்கு ஒரு போன், அதிலும் பாதி நேரம் பேத்தியை அதட்டுவதிலேயே போய்விடும்.

ஆகவே அக்கா வாய்விட்டுப் பேச உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் டெப்போவின் சாப்பாட்டு அறை. நீள மேஜை, இரண்டு பக்கமும் பெஞ்சு, சுவரில் டிவி, டிவிக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை அங்கே ஒரே பேச்சுதான், கூடைப்பந்து. அங்கே யாரும் அவளிடம் எதையும் கேட்டு வரமாட்டார்கள், அதனாலேயே அவளுக்கு அந்த அறை பிடித்திருந்தது. ஆனால் அவள் பேச ஆரம்பித்தால் மட்டும் யாராவது, “அக்கா, உங்க டீ ஆறுது” என்பார்கள். பதினோரு வருடமாக அவள் டீ ஆறிக்கொண்டே இருந்தது.

அவள் இந்த ஆட்டத்துக்குள் வந்த கதையே தனி. ஒருமுறை டிரைவர்களிடம் கையெழுத்து வாங்கப் போன இடத்தில் மேஜைமேல் கிடந்த ஆட்ட அட்டவணையை எடுத்துப் பார்த்தாள். பதினாறு அணிகள், ஆளுக்கு எண்பது ஆட்டம். இன்று வடக்கே, நாளை தெற்கே, மறுநாள் மறுபடி வடக்கே. அவளுக்கு வயிறு எரிந்தது. இது யார் போட்ட டூட்டி, இவன் கையில் என் டெப்போவைக் கொடுத்தால் நாலே நாளில் முந்நூறு பேரும் படுத்துவிடுவார்கள் என்று நினைத்தாள். அந்தக் கோபத்தில்தான் ஆட்டம் பார்க்கத் தொடங்கினாள். கோபம் போய்விட்டது, ஆட்டம் ஒட்டிக்கொண்டது.

அந்த வருடக் கோடையில் வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. தூண் என்று எல்லோரும் கூப்பிடும் ஆட்டக்காரன், லீக்கிலேயே பெரிய நடு ஆட்டக்காரன், ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தான். இனி எந்த அணிக்கு வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். வயது முப்பத்து நாலு, முழங்கால் இரண்டு தடவை அறுவை பார்த்தது. ஆனாலும் அவன் கூடைக்கு அடியில் போய் நின்றால் எதிரணிக்காரன் வேறு வேலை பார்க்கத்தான் போக வேண்டும்.

எங்கே போவான்? வானொலி துறைமுக அணி என்றார், மூன்று வருடமாக அவர்கள்தான் சாம்பியன். வெல்டர் தலைநகர் அணி என்றார், அங்கேதான் சம்பளம் இரட்டிப்பு. ஒர்க்‌ஷாப்பில் டயர் மாற்றுகிறவர் எதுவும் சொல்லமாட்டார், யார் கடைசியாகப் பேசுகிறாரோ அவருக்குத் தலையாட்டுவார். உள்ளூர் அணியின் பெயரை யாரும் வாயில்கூட எடுக்கவில்லை. போன வருடம் பதினாறில் பதின்மூன்றாவது இடம், அதுவும் கடைசி வாரத்தில் தட்டுத்தடுமாறி ஏறியது.

திங்கட்கிழமை தூணின் பேட்டி டிவியில் ஓடியது. கோப்பை வேண்டும், மரியாதை வேண்டும், நல்ல கோச் வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசினான். பேட்டி எடுத்தவர் நன்றி சொல்லி எழுந்திருக்கும்போது, தன் சின்ன மகள் புதிதாகப் பின்னல் போடக் கற்றிருக்கிறாள் என்றும், வீட்டில் இருக்கிற காலைகளில் தன் தாடியைத்தான் பின்னிப் பழகுகிறாள் என்றும் சொல்லிச் சிரித்தான். மேஜை முழுக்கச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

அவளுக்கு விண்ணப்பம் படிக்கத் தெரியும். எந்த மனிதனும் உண்மைக் காரணத்தை முதல் வரியில் எழுதமாட்டான். முதலில் நிர்வாகத்தின் நலன் வரும், பிறகு உடல்நிலை வரும், அப்புறம் கீழே கையெழுத்துக்கு ஒட்டினாற்போல் ‘மேலும்’ என்று ஒரு வரி வரும். ஆள் அந்த வரியில்தான் இருப்பான். இருபத்திரண்டு வருடமாக அவள் அந்த வரியைப் படித்துத்தான் டூட்டி போட்டு வந்தாள், ஒருவரும் குறை சொன்னதில்லை.

“அவன் நம்ம ஊருக்குத்தான் வருவான்” என்றாள்.

யாரும் டீயைப் பற்றிப் பேசவில்லை. அவ்வளவு பெரிய சிரிப்பு. வெல்டருக்குப் புரையேறி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. இந்த மாதிரி விஷயத்தில் வாயால் சொன்னால் செல்லாது, கரும்பலகையில் எழுத வேண்டும். தப்பாகப் போனால் எழுதியவர் அந்த அறையில் ஒரு மாதம் வாய் திறக்கக் கூடாது. வானொலி ஒருமுறை அப்படி ஒரு மாதம் இருந்தார், அந்த மாதம் அவருக்கு ரத்த அழுத்தமே ஏறிவிட்டது. அக்கா எழுந்து சாக்பீஸை எடுத்தாள். ரோட்டில் ஓடுகிறவர்களுக்குத்தான் பலகை, ஆபீஸ் ஆட்களுக்கு இல்லை என்று வானொலி மறித்தார். அவள் கையை எடுக்கவில்லை. கடைசியில் அவர் விளையாட்டும் வினையுமாக ஒரு நிபந்தனை போட்டார்.

“சரி, எழுதுங்கக்கா. ஆனா தப்பாப் போச்சுன்னா உங்க ரூம்லயே சாப்பிட்டுக்கங்க. இங்க வரவேண்டாம்.”

“ஒரு மாசமா?”

“எப்பவுமே.”

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் பத்துப் பேர் கேட்க ஒரு வார்த்தை வந்துவிட்டால் அதற்குக் கால் முளைத்துவிடும். கண்ணாடி ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவதை நினைத்துப் பார்த்தாள். அந்த ஒரு மணி நேரம் போனால் மிச்சமிருப்பது விண்ணப்பம்தான். ஆனாலும் ரோஷம் விடவில்லை. பலகையில் உள்ளூர் அணியின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அன்றும் மறுநாளும் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் டெப்போவின் கட்டம் போட்ட சார்ட் தாளை விரித்து, வரப்போகும் வருடத்தின் ஆட்ட அட்டவணையை வைத்துக்கொண்டு, தூணுக்கு நான்கு ஊரிலும் டூட்டி போட்டுப் பார்த்தாள். துறைமுக அணிக்குப் போனால் ஒரு வருடத்தில் அவன் எழுபத்து நாலு ராத்திரி வெளியே படுக்க வேண்டும். துறைமுகம் நாட்டின் மூலையில் இருக்கிறது, எங்கே போனாலும் தூரம். பழைய அணியிலேயே இருந்தால் அறுபத்தாறு. தலைநகர் என்றால் நாற்பத்தொன்பது. இந்த ஊரோ நாட்டின் நட்டநடுவில், நாலு திசை ரோடும் வந்து முட்டும் இடத்தில் இருந்தது. பாதி ஊர்களுக்கு அணி பஸ்ஸிலேயே போய், ஆடிவிட்டு, அன்றைக்கே திரும்பிவிடும். வெறும் முப்பத்து மூன்று ராத்திரி.

கணவர் தாளை எட்டிப் பார்த்தார். “யாருக்கு டூட்டி?” என்றார்.

தூணுக்கு என்றாள். அவர் “ம்” என்று சொல்லிவிட்டு விளக்கை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளி வைத்தார். இதைவிட அதிகமாக அவர் யாரையும் ஆதரித்ததில்லை.

வியாழக்கிழமை அந்தத் தாள் மேஜையில் விரிந்தபோது சிரிப்பு நின்றது. ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார்கள். வாழ்நாளெல்லாம் டூட்டி சார்ட் பார்த்தே கண் பூத்தவர்கள், ஒரு சார்ட்டை நம்பாமல் இருப்பது அவர்களால் முடியாது. வெல்டர்கூட, முப்பத்து மூன்று என்றால் நல்ல டூட்டிதான் என்று முணுமுணுத்தார். அக்காவுக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்தது.

வெள்ளிக்கிழமை வானொலி அந்தத் தாளைக் குடைந்துவிட்டார்.

டெப்போவில் ஒரு நாள் என்பது விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கும். நடுராத்திரி தாண்டி இரண்டு மணிக்கு உள்ளே வருகிற பஸ்ஸும் முந்தின நாள் டூட்டிதான். அக்கா கை பழகிய வழக்கத்தில் தூணுக்கும் அப்படியே போட்டுவிட்டாள். ஆடிவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு வந்து சேரும் பதினாலு நாளையும் வீட்டில் தூங்கிய நாளாகவே எழுதியிருந்தாள். மற்ற மூன்று ஊர்களுக்கு அப்படித் திரும்பி வரும் நாளே கிடையாது. ஊரில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது, வேறு யாராலும் கண்டுபிடித்திருக்கவும் முடியாது.

“ரெண்டு மணிக்கு வந்து விழுறவன் வீட்ல தூங்கினதா சேர்த்தியா? அக்கா, பதினாலு ராத்திரியை முழுங்கிட்டீங்க” என்றார் வானொலி.

முப்பத்து மூன்று நாற்பத்தேழானது. தலைநகருக்கும் இந்த ஊருக்கும் வித்தியாசம் பதினாறிலிருந்து இரண்டாகச் சுருங்கிவிட்டது. இரண்டு ராத்திரிக்காகவா ஒருவன் இரட்டைச் சம்பளத்தை விடுவான்? வெல்டர் மறுபடி தலைநகருக்கே திரும்பிப் போனார், டயர்க்காரர் அதற்கும் தலையாட்டினார். இருபத்திரண்டு வருடத்தில் அவள் சார்ட்டில் தப்பு கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. ரெண்டு மணிக்கு வந்தாலும் காலையில் வீட்டில் முழிப்பான் அல்லவா என்று கேட்டாள். யாரும் காதில் வாங்கவில்லை. அவள் டீ ஆறுவதை ஒருவர் ஞாபகப்படுத்தினார்.

அவள் நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே வானொலியின் வாயை அடைத்திருக்கலாம். அவளுடைய அலமாரியில் ஐந்து வருடத்துக்கு முந்தைய விண்ணப்பம் ஒன்று இருந்தது. வெளியூரில் தங்கி வரும் நீண்ட தூர பஸ்ஸை, படி கூடுதலாக வரும் பஸ்ஸை, எல்லோரும் அடித்துக்கொள்ளும் பஸ்ஸை விட்டுவிட்டு, நடுராத்திரிக்கு மேல் திரும்பி வரும் ஒரு சொங்கி ரூட்டைக் கேட்டு வானொலி எழுதிய விண்ணப்பம். முதல் வரியில் பயணிகளின் நலன். கடைசியில், மேலும் காலையில் வீட்டில் இருக்க இயலும். அவள் உடனே மாற்றிக் கொடுத்தாள், போன வருடம்தான் அவர் பகல் டூட்டிக்கு வந்திருந்தார். ஆனால் எழுதிய கை, வாங்கிய கை தவிர மூன்றாவது கைக்கு ஒரு விண்ணப்பம் போகக் கூடாது என்பது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். ஜெயிப்பதற்காக அதை மீறினால் அப்புறம் அந்த ஓட்டைக்குப் பின்னால் உட்கார அவளுக்கு என்ன யோக்கியதை? வாயை மூடிக்கொண்டு டப்பாவைக் கழுவப் போனாள்.

சனிக்கிழமை பேப்பரில் ஒரு படம் வந்தது. துறைமுக நகரத்து விமான நிலையத்தில் தூண், தோளில் பை. வானொலி அதைக் கத்தரித்துக் கரும்பலகையில் ஒட்டிவிட்டு, யாருக்கும் எதுவும் சொல்லாமல் சீட்டியடித்தார். சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு மடக்கு ஸ்டூலைத் துடைத்து வாசலில் வைத்தாள். எதற்கு என்று கணவர் பார்வையால் கேட்டார். ஆபீஸ் ரூமில் டப்பா வைத்துச் சாப்பிட என்றாள். அவர் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “அவன் இன்னும் கையெழுத்துப் போடலையே” என்றார். ஒரே மூச்சில் நாலு வார்த்தை. அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. ஸ்டூல் வீட்டிலேயே தங்கியது.

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு அறைக்குப் போய்த் தன் வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்தாள். நாற்பது பேராவது இருப்பார்கள், டூட்டி இல்லாதவர்கள்கூட வந்திருந்தார்கள். ஒன்றரை மணிக்கு அறிவிப்பு என்று டிவியில் கீழே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. பாதிச் சாப்பாட்டிலேயே டப்பாவை மூடிவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

டிவியில் தூண் வந்து உட்கார்ந்தான். முன்னால் மேஜையில் துணி போட்டு மூடிய ஒரு சட்டை. துறைமுக நகரத்துக்கு ஏன் போனீர்கள் என்று முதல் கேள்வி. முதன்முதலில் தனக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்த கோச் அங்கேதான் இருக்கிறார், அவருக்கு போனில் ‘வரவில்லை’ என்று சொல்ல மனம் வரவில்லை, நேரில் சொல்லப் போனேன் என்றான். வானொலியின் சீட்டி பாதியில் நின்றது.

துணியை எடுத்தான். அறையில் ஒரு கணம் யாருக்கும் எதுவும் புரியவில்லை, ஏனென்றால் அந்தச் சட்டையை அவர்கள் தினமும் தெருவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் போட்டிருப்பான், டெப்போ வாசல் டீக்கடைக்காரர் போட்டிருப்பார். அது இந்த ஊர் அணியின் சட்டை.

அப்புறம் எழுந்த சத்தத்தில் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் ஏதோ பஸ் சுவரில் மோதிவிட்டது என்று ஓடிவந்தார்கள். தூண் வருகிறான், நம் ஊருக்கு வருகிறான் என்பதே முதலில் தலைக்கு ஏறியது. அக்கா ஜெயித்துவிட்டாள் என்பது இரண்டாவதாகத்தான் ஏறியது. ஏறியதும் நாற்பது தலையும் ஒன்றாக அவள் பக்கம் திரும்பின. அவள் கையைக் காட்டி டிவியைப் பார்க்கச் சொன்னாள். அவளுக்கு இன்னும் கடைசி வரி வரவில்லை.

ஏன் இந்த ஊர் என்று கேட்டார்கள். துடிப்பான இளைஞர்கள், நேர்மையான நிர்வாகம், அன்பான ரசிகர்கள் என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். மைக்கைக் கழற்றும்போது சொன்னான்: “அப்புறம், இங்க இருந்தா பாதி ஆட்டத்துக்குப் போயிட்டு எத்தனை மணியானாலும் வீட்டுக்கு வந்துடலாம். காலையில புள்ளைங்க என்னை எழுப்புவாங்க.”

இப்போது எல்லோரும் வானொலியைப் பார்த்தார்கள். அவர் எழுந்து போய்ப் பலகையில் ஒட்டியிருந்த படத்தைப் பிய்த்து மடித்துப் பையில் வைத்தார். பலகையில் ஒட்டினாலும் எழுதியதாகத்தான் கணக்கு, ஒரு மாதம் வாய் திறக்கக் கூடாது, அது அவருக்கும் தெரியும். அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன் என்று அனுமதி கேட்டார்.

“அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் பெரிய வண்டியை விட்டேன். ஏன்னு நீங்க எல்லாரும் கேட்டீங்க, இடுப்பு வலின்னு சொன்னேன். இடுப்புல ஒண்ணும் இல்லை. என் வீட்ல அவ ஆறரைக்கு வேலைக்குக் கிளம்பிடுவா. அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு காபி குடிக்கணும், அவ்வளவுதான். ரெண்டு மணிக்கு வந்தாலும் அது கிடைக்கும். அக்காவுக்கு இது தெரியும். வெள்ளிக்கிழமை நான் அப்படிப் பேசினப்போ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தொலைஞ்சேன். சொல்லலை.” மேஜையைச் சுற்றிப் பார்த்து, “நம்மள்ல யாராவது சொல்லாம இருந்திருப்போமா?” என்று கேட்டார்.

சொல்லாமல் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். வெல்டர் பெஞ்சில் நகர்ந்து மேஜையின் நடுவில் இடம் விட்டார். டயர்க்காரர், வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் பேசாமலே தானாகப் பேசினார். “அக்கா, அப்ப இந்த வருஷம் நம்ம டீம் எத்தனாவது இடத்துக்கு வரும்?” என்றார்.

அவள் நடுவில் போய் உட்கார்ந்தாள். சார்ட் தாளைத் திருப்பிப் போட்டாள், பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. எந்த மாதத்தில் தூணை உட்கார வைக்க வேண்டும், எந்த வாரத்தில் அடுத்தடுத்து மூன்று ஆட்டம் வருகிறது, அப்போது அவன் முழங்காலை யார் பார்த்துக்கொள்ள வேண்டும், அவனுக்குப் பக்கத்தில் ஓடத் தெரிந்த இரண்டு சின்னப் பையன்கள் யார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பதினோரு வருடமாக உள்ளே கிடந்ததெல்லாம் வரிசையில் நின்று வெளியே வந்தது. வானொலி வாயைக் கையால் பொத்திக்கொண்டு முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒருவர் எழுந்து அவளுக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஐந்தாவது இடம் என்று அவள் முடித்தபோது, ஏன் நாலாவதாக வரக் கூடாது என்று பின்னால் இருந்து ஒருவர் வாதாடினார். அவள் அதற்கும் பதில் சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் யாரோடும் சண்டை போட்டதில்லை.

வெளியே இரண்டு பத்து பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜனங்கள் ஏறி உட்கார்ந்து டிரைவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த பஸ்ஸை எடுக்க வேண்டியவர் வானொலி. அவர் வந்து ஏறி, வண்டி கேட்டைத் தாண்டியபோது மணி இரண்டு இருபத்து மூன்று.

ஒரு பஸ் ஒரு நிமிடம் தாமதமானாலும் அதற்கென்று உள்ள பதிவேட்டில் சார்ட் போடுகிறவர்தான் காரணம் எழுத வேண்டும். அக்கா தன் அறைக்கு வந்து பதிவேட்டைப் பிரித்தாள். முந்தைய பக்கங்களில் எல்லாம் அவள் கையெழுத்துதான்: டயர் பஞ்சர், பிரேக் கோளாறு, கன மழை, டிரைவர் வரவில்லை. தவிர்க்க முடியாத காரணத்தால் என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம், மேலே யாரும் கேட்கமாட்டார்கள். அந்தச் சாக்கை அவள் ஒரு டிரைவரிடமும் ஏற்றுக்கொண்டதில்லை. பேனாவை எடுத்து, பஸ் எண்ணை எழுதி, பதின்மூன்று நிமிடம் என்று எழுதி, காரணம் என்ற கட்டத்தில் நிதானமாக எழுதினாள்:

‘நான் பேசிக்கொண்டிருந்தேன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.’